ஏசி அவுட்டோர் யூனிட்டை மறைக்கச் செலவு செய்யும் முன்

கடை மொட்டைமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட் அசிங்கமாகத் தெரிந்தால், மறைப்பு கட்டும் முன் யூனிட்டைக் கைப்பிடிச்சுவரிலிருந்து உள்ளே தள்ளிப் பாருங்கள். கீழிருந்து பார்ப்பவரின் பார்வை சுவரின் விளிம்பைத் தாண்டி மேல்நோக்கித்தான் போகும். சுவரின் உச்சி கண்மட்டத்திலிருந்து 30 அடி உயரம், பார்ப்பவர் 40 அடி தூரம் என்றால், சுவருக்கு மேல் 2 அடி நீட்டியிருக்கும் யூனிட்டை 3 அடி தள்ளினாலே போதும், தெரியாது. தகரமோ ஃப்ளெக்ஸோ வைத்து அடைத்தால் வெளியேறும் சூடான காற்றையே யூனிட் திரும்ப இழுக்கும். கரன்ட் பில்தான் ஏறும்.

எதிரே உயரமான கட்டடமோ மேம்பாலமோ இருந்தால் இது உதவாது. தூரத்திலிருந்தே கட்டடம் தெரியும் திறந்தவெளியிலும் அப்படித்தான். அங்கே சாய்வான பட்டைகளுக்கு இடையே காற்று புகும் லூவர் மறைப்புதான் சரி. மேல்பக்கம் காற்று தள்ளும் பெரிய யூனிட்டாக இருந்தால், அதன் மேல் கூரை போட்டுவிடாதீர்கள்.