'நைஸ்' எல்லா இடத்திலும் 'நல்ல' ஆகாது

புதிதாக மொழிபெயர்க்க வந்த சிலரின் கைப்படிகளை அண்மையில் திருத்தியபோது, 'நைஸ்' என்ற எளிய ஆங்கிலச் சொல்லில் நான் தொடக்க காலத்தில் வழுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுந்திருப்பதைக் கண்டேன். அகராதியைப் புரட்டினாலே தெரிந்துவிடும் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

'நல்ல வேறுபாடு'

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் பிழை இதுதான். 'அறியாதவன்' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சின் வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மூடத்தனமான' என்றே பொருள் தந்தது. அதன் வேரான 'ஸ்கீரே', அதாவது அறிதல், 'சயின்ஸ்' என்ற சொல்லுக்கும் வேர் என்பது வேடிக்கை. பின்னர் அது எளிதில் திருப்திப்படாதவரையும் மென்மையானதையும் குறித்து, 16ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான', 'துல்லியமான' என்றாகி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் 'இனிய' என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் 'நுட்பமான' என்ற பொருள் சாகவில்லை; சட்டம், தத்துவம் பற்றிய எழுத்தில் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்', அதாவது நுண்ணிய வேறுபாடு, என்று இன்றும் வருகிறது.

கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கும் இடையே அத்தகைய வேறுபாடு இருப்பதாகச் சொன்ன ஒரு கட்டுரையில், நான் 'நல்ல வேறுபாடு உண்டு' என்று எழுதினேன். தமிழில் 'நல்ல வேறுபாடு' என்றால் பெரிய வேறுபாடு. மயிரிழை அளவே வித்தியாசம் என்று ஆசிரியர் சொன்னதை, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பாரத்தை, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கங்களை, மறுபடி அச்சிட்ட செலவு என் ஊதியத்தில் கழிந்தது. வேறுபாடு, வினா, கணிப்பு போன்ற சொற்களுக்கு முன்னால் 'நைஸ்' நின்றால், முதலில் 'நுண்ணிய' என்று வைத்துப் படித்துப் பாருங்கள்.

'நைஸ் அண்ட் ஹாட்'

'காபி இனிமையாகவும் சூடாகவும் இருந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே 'நைஸ்' சூட்டை மிகுத்துக் காட்ட வந்தது. ஆகவே 'காபி நல்ல சூடாக இருந்தது' என்பதே சரி. என்னைக் கவிழ்த்த அதே 'நல்ல' இந்த இடத்தில் கை கொடுக்கிறது.

வேரைக் காட்டி மிரட்டுவது

வேர்ப்பொருளை மட்டும் படித்துவிட்டு, 'நைஸ் என்பது உண்மையில் வசை' என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக, மணமக்களிடம் போய் 'உங்கள் மாலை நாறுகிறது' என்று அவர்கள் வாழ்த்துவார்களா?

நம் 'நைஸ்'

மாவை நைசாக அரைப்பதும், வேலை நேரத்தில் நைசாக நழுவுவதும் தமிழ் வழக்கு. அவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது 'நைஸ்லி' என்று போடாதீர்கள்.

பிரான்ஸில் உள்ள நகரம்

ஆங்கிலத்தில் எழுத்துகள் ஒன்றே என்றாலும், அது நீஸ். உறவில்லை.