சைக்கிளே ஆபீஸ்: நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்க்க

முதலில் கரண்டு கணக்கு. 13 அங்குல லேப்டாப், எழுத்து வேலைக்கும் கோடிங்குக்கும் 10 முதல் 15 வாட் இழுக்கும். வீடியோ மீட்டிங் என்றால் 25 வாட் வரை போகும். ஆறு மணி நேர வேலைக்கு 90 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு), போனுக்கும் விளக்குக்கும் 25. நாளொன்றுக்கு 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 50 வாட் சோலார் பேனல் ஒன்றும், 12.8 வோல்ட் 20 ஆம்பியர் அவர் லித்தியம் பெரஸ் பாஸ்பேட் பேட்டரி ஒன்றும் போதும். பேட்டரியில் 256 வாட் அவர் நிற்கும். மேகம் மூடினாலும் இரண்டு நாள் ஓடும். எடை மூன்று கிலோவுக்குள். அதே அளவு ஈய பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், பாதியைத்தான் கெடாமல் எடுக்கவும் முடியும்.

பேனலில் 50 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். கேரியரில் படுத்த நிலையில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் போகும். 35 வாட் கிடைத்தாலே நல்லது. நாலைந்து மணி நேர நல்ல வெயிலில் 150 வாட் அவர் தேறும். தகட்டுக்கும் கேரியருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினால் காற்று ஓடிச் சூடு தணியும்.

இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி அடாப்டரில் 20 ஆக்குவதில் கணிசமான கரண்டு சூடாகவே போய்விடும். காரில் மாட்டும் 65 வாட் டைப்-சி பி.டி. (பவர் டெலிவரி) சார்ஜர் போதும். லேப்டாப் வாங்கும்போதே டைப்-சியில் சார்ஜ் ஏறுமா என்று பார்த்துவிடுங்கள்.

வயரிங்கில் வரிசை முக்கியம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதில் முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல், கழற்றும்போது தலைகீழ். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் சில கன்ட்ரோலர்கள் வோல்டேஜைத் தப்பாகக் கணித்துப் புகைந்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 10 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து சார்ஜருக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் கடையிலிருந்து வரும்போது ஈய பேட்டரி செட்டிங்கில் இருக்கும். அதை 14.4 வோல்ட்டுக்கு மாற்றி, ஈக்வலைஸ் என்பதை (ஈய பேட்டரிக்காக அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டும் வேலை) அணைத்துவிடுங்கள். பேட்டரி சீக்கிரம் செத்துப்போவதற்கு இன்னொரு காரணம் கறுப்புப் பை. வெயிலில் நிற்கும் பைக்குள் 45 டிகிரிக்கு மேல் போனபின் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெள்ளைத் துணி போர்த்தி, பேனலின் நிழல் விழும் இடத்தில் பேட்டரியை வையுங்கள்.

வண்டிக்கு 26 அங்குலச் சக்கரம், 36 கம்பி, இரும்பு ஃபிரேம். இதற்கு டியூபும் கம்பியும் வள்ளியூரிலும் கிடைக்கும், அம்பாசமுத்திரத்திலும் கிடைக்கும். டியூப் பைக் வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். மூட்டை மொத்தம் 25 கிலோவுக்குள். அதில் பத்து கிலோவாவது முன்சக்கரத்துக்கு. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினால் ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். 1983-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டரோடு சைக்கிளில் கிளம்பிய ஸ்டீவன் ராபர்ட்ஸ், பின்னாளில் கட்டிய பெஹிமோத் என்ற வண்டி 580 பவுண்டு, அதாவது 263 கிலோ. ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

இந்தப் பக்கம் பஞ்சர் என்றால் உடைமுள்தான். குளத்துக்கரை உடைமரத்தடியில் நிழலைப் பார்த்து வண்டியை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் விரித்தால் பாதி முள் உள்ளே இறங்காது.

ஒரு நாளை இப்படிப் பிரியுங்கள். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் 35 கிலோமீட்டர் சுகமாகப் போகலாம். பிறகு நீங்கள் நிழலில், பேனல் வெயிலில். இதற்காகவே பேனலுக்கு ஐந்து மீட்டர் வயர் வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றங்கரை மண்டபங்களில் கேட்டுக்கொண்டு உட்காரலாம். வெயில் நகர நகர வண்டியை இரண்டு தடவையாவது திருப்பி நிறுத்துங்கள். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் வரவு பாதிக்கு மேல் இறங்கிவிடும். மூடாக்கு நாளில், "அண்ணாச்சி, ஒரு பிளக் கிடைக்குமா?" என்று டீக்கடையில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு டீயைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் உட்காருவது முறையல்ல, அங்கேயே சாப்பிடுங்கள்.

சிம் இரண்டு, வேறு வேறு கம்பெனி. மலையடிவாரத்தில் ஒன்று படுத்தால் மற்றது எழும்பும். வீடியோ மீட்டிங் உள்ள நாளில் மலைப் பக்கம் போகாமல் பெரிய ஊரில் தங்குவது நல்லது. வேலையை அன்றன்றைக்கு ராத்திரியே கிளவுடில் ஏற்றிவிடுங்கள். குலுக்கலில் ஹார்ட் டிஸ்க் தாங்காது, எஸ்.எஸ்.டி.தான் சரி. சார்ஜிங் வயரை மாட்டியபடியே பையில் வைத்து ஓட்டினால் சாக்கெட்டின் சால்டர் விட்டுப்போகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து தென்காசி, ஆலங்குளம் என்று தள்ளும். அந்த மாதங்களில் தென்காசியிலிருந்து நெல்லைக்கு வருவதுதான் புத்திசாலித்தனம். எதிர்த்திசையில் போகவேண்டுமானால் விடியலிலேயே முடித்துவிடுங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நிமிர்த்தி வைத்த பேனல் அங்கே பாய்மரம். படுக்கவைத்துக் கட்டாமல் ஓட்டினால் லாரிக்குக் குறுக்கே தள்ளிவிடும். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் பேனலுக்கு வேலையில்லை. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் வெயில் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆற்றுப் படித்துறையில் படுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. பாபநாசத்துக்கு மேலே செக்போஸ்ட் தாண்டினால் புலிகள் காப்பகம், அங்கே கூடாரம் கூடாது. அடிவாரத்திலும் குரங்கு உண்டு; பையின் ஜிப்பைத் திறக்கும், வயரையும் பிடுங்கும்.

உவரி, கூடன்குளம் என்று கடலோரம் தங்கினால் வாரம் ஒருமுறை எல்லாக் கனெக்டரையும் கழற்றித் துடைத்து, மெல்லிசாக வாசலின் தடவுங்கள். பச்சை பூத்துவிட்டால் அந்த முனையை வெட்டிப் புதிதாக அடிக்கவேண்டியதுதான். தேரி எனும் செம்மணலில் உருட்டிய செயினுக்கு அப்படியே எண்ணெய் விடாதீர்கள், மண்ணோடு சேர்ந்து பல்சக்கரத்தைத் தின்றுவிடும். பிரஷால் தட்டி, துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள்.