ஜெர்மனியில் முதல் இலையுதிர்காலம்: பால்கனியும் தோட்டமும்

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனிக்கு வருகிறவர்களில் நிறைய பேர் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் வந்து இறங்குகிறார்கள். வீடு பிடித்து, முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கு திறந்து ஒருவழியாக மூச்சுவிடும்போது, முன்பு குடியிருந்தவர் பால்கனியில் விட்டுப்போன இரண்டு தொட்டிகள் கண்ணில் படும். இனி குளிர்தானே, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். செப்டம்பரும் அக்டோபரின் முதல் பாதியும் இங்கே விதைப்புக்கும் நடவுக்கும் ஏற்ற நாட்கள். மண்ணில் கோடைச் சூடு இன்னும் இருக்கும், மழையும் கிடைக்கும்.

இலையுதிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஜெர்மன் வானிலைத் துறை செடிகளையும் பார்க்கிறது. ஹொலுண்டர் புதரில் காய் கறுத்துப் பழுத்தால் முன் இலையுதிர்காலம். ஓக் மரத்துக் காய் பழுத்தால் நடு இலையுதிர்காலம். சாலையோரம் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஹொலுண்டர் பழம் பார்வைக்கு நம் மணத்தக்காளி மாதிரியே இருக்கும். ஆனால் வேக வைக்காமல் தின்றால் குமட்டலும் வாந்தியும் வரும். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது இரவு வெப்பநிலை. பகலில் 22 டிகிரி வெயில் அடிக்கும், சட்டையோடு வெளியே போகலாம். அதே நாள் விடியற்காலையில் 6 டிகிரிக்கு இறங்கியிருக்கும். நம் செடிகளைக் கெடுப்பது அந்த விடியற்காலைதான்.

முதலில் கறிவேப்பிலை. டோர்ட்முண்டில் நான் இருந்த முதல் வருடம், ஊரிலிருந்து வந்த ஏக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி பால்கனியில் வைத்திருந்தேன். அக்டோபர் நடுவரை இலை பச்சையாகத்தான் இருந்தது, அதனால் வெளியிலேயே விட்டேன். ஒரு வாரக் குளிரில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் பதறிப்போய் உள்ளே தூக்கி வந்து, சூடு கிடைக்கட்டும் என்று ஹீட்டருக்கு மேலே ஜன்னல் திட்டில் வைத்தேன். வாடுகிறதே என்று தினமும் தண்ணீரும் ஊற்றினேன். டிசம்பரில் குச்சிதான் மிச்சம், வேர் அழுகிப் போயிருந்தது.

மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரவு பத்துக்குக் கீழ போக முதலே உள்ள எடுத்து வையும் தம்பி. வச்சாப் பிறகு தண்ணியக் குறையும்." அவர் கொடுத்த கன்றுதான் இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது. செய்வது இவ்வளவுதான். இரவு 10 டிகிரியைத் தொடும் வாரத்தில், அதாவது நவராத்திரிக் கொலு வைப்பதற்குள், செடியை உள்ளே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பிசுபிசுப்போ மெல்லிய வலையோ இருந்தால் குளியலறையில் வைத்து ஷவரால் நன்றாகக் கழுவுங்கள். வெளிச்சமான, ஆனால் ஹீட்டர் சூடு நேராகப் படாத இடம் வேண்டும். 15 டிகிரி உள்ள படுக்கையறை ஜன்னல் கூடத்தைவிட நல்லது. மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகுதான் தண்ணீர். மார்ச் வரை உரம் வேண்டாம். அப்படியும் கொஞ்சம் இலை கொட்டும், பயப்படாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? சரி, உயிர் இருக்கிறது. ஒரு விஷயம்: படிக்கட்டு ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் அது அவசர வழி. வீட்டுக்காரரைக் கேட்காமல் தொட்டியை அங்கே வைக்காதீர்கள்.

மிளகாய்ச் செடியும் பல வருடம் வாழக்கூடியது. காயைப் பறித்துவிட்டு, கிளைகளைப் பாதிக்குக் குறைத்து உள்ளே வைத்தால் அடுத்த கோடையில் சீக்கிரமே காய்க்கும். தக்காளியை அப்படிக் காப்பாற்ற முடியாது. இரவு 5 டிகிரிக்கு இறங்குவதற்குள் காய்களைப் பறித்து, ஒரு பெட்டியில் ஆப்பிளோடு சேர்த்து வையுங்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்க வைக்கும். கெட்டிப் பச்சையாக இருக்கும் காயில் துவையல் அரைக்க ஆசை வரும். அதில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சமைத்தாலும் முழுக்கப் போகாது. நிறம் மாறும்வரை காத்திருங்கள்.

இனி விதைப்பு. ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம். இங்கே ஆவணிக் கடைசியையும் புரட்டாசியையும் தேட வேண்டும். கொத்தமல்லி ஜூலை வெயிலில் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, நின்று தழைக்கும். சமையலறையில் இருக்கும் மல்லியையே உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவலாம். வெந்தயமும் அப்படித்தான், ஒரு மாதத்தில் கீரை கிடைக்கும். இவை முதல் உறைபனி வரைக்கும்தான். பனியையும் தாங்குவது வேண்டுமென்றால் செப்டம்பர் நடுவுக்குள் ஃபெல்ட்சலாட் விதையுங்கள். சிறிய கரண்டி போன்ற இலை, குளிர்காலம் முழுக்கப் பறிக்கலாம். தயிரும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பச்சடியாகச் சாப்பிட எனக்கு மிகவும் பிடிக்கும். பசலைக்கீரைக்குச் செப்டம்பர் கடைசி வரை நேரம் உண்டு. பூண்டை அக்டோபரில் பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஜூலையில் முழுப் பூண்டு.

டூலிப், குரோக்கஸ் கிழங்குகள் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். குளிர் பட்டால்தான் இவை பூக்கும், அதனால் இப்போதே மண்ணுக்குள் போக வேண்டும். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். ஒரே தொட்டியில் அடியில் டூலிப்பும் மேலே குரோக்கஸும் அடுக்கலாம். டூலிப் கிழங்கு அச்சு அசல் சின்ன வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் அது நச்சு. சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தோட்டம் உள்ள வீடு என்றால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வேலிச்செடியை மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒட்ட வெட்டக் கூடாது. நுனியை லேசாகச் சீர்செய்யலாம். பெரிய வெட்டு அக்டோபர் 1-க்குப் பிறகுதான். புல்வெட்டும் இயந்திரத்தைக் குடியிருப்புப் பகுதியில் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் இரவு 8 வரை ஓட்டலாம். ஞாயிறும் அரசு விடுமுறையும் கூடாது. அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், வாரநாளில் வந்தாலும் விடுமுறைதான். சருகை ஊதித் தள்ளும் கருவிக்கு இன்னும் கட்டுப்பாடு: பொதுவாகக் காலை 9 முதல் 1 வரை, மதியம் 3 முதல் 5 வரை. ஒரு சீமாறு வாங்கினால் எந்த நேரமும் பெருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்த முகத்தோடு பேசுவார்.

ஊரில் சருகைக் கூட்டி வாசலில் கொளுத்துவோம். இங்கே பெரும்பாலான ஊர்களில் அதற்குத் தடை. புல்தரையில் விழுந்த சருகை வாரிவிடுங்கள், விட்டால் அடியில் புல் அழுகிவிடும். வாரியதை எல்லாம் குப்பைக்கு அனுப்பவும் வேண்டாம். தோட்டத்து மூலையில் குச்சிகளோடு சேர்த்து ஒரு குவியலாகப் போட்டால் முள்ளெலிகள் குளிர்காலம் முழுக்க அதில் உறங்கும். அந்திசாயும் நேரத்தில் புஸ்புஸ் என்று மூச்சுவிட்டுக்கொண்டு ஒன்று அந்தக் குவியலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டால், அப்புறம் அதைக் கலைக்க உங்களுக்கே மனம் வராது. தானியங்கிப் புல்வெட்டி வைத்திருந்தால் இருட்டிய பின் ஓட்டாதீர்கள். அது வரும்போது முள்ளெலி ஓடாது, சுருண்டு படுத்துக்கொள்ளும். மிச்சச் சருகு மக்கும் குப்பைத் தொட்டிக்குப் போகட்டும், பல ஊர்களில் அது பழுப்பு நிறம். பிளாஸ்டிக் பையோடு போடாதீர்கள்.

பால்கனிக் கைப்பிடிக்கு வெளிப்புறம் தொங்கும் பூத்தொட்டிகளை உட்புறம் மாற்றுங்கள், அக்டோபர் காற்று பலமாக அடிக்கும். தோட்டக் குழாய்க்கு உள்ளே தனி வால்வு இருக்கும். உறைபனிக்கு முன் அதை மூடி, வெளிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள், இல்லையென்றால் குழாய் வெடிக்கும். மண்வெட்டி, களைக்கொத்து, கத்தரிக்கோலை மண் போகக் கழுவித் துடைத்து, இரும்பில் எண்ணெய் தடவி வைக்க வேண்டியதும் இதே வாரங்கள்தான். நாங்கள் அதை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செய்துவிடுவோம். மறுநாள் அவை சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருக்கும், அதற்கு அடுத்த நாள் பூண்டு ஊன்ற எடுப்போம்.