--ஆர்எம் போட்டால் போதுமா? தற்காலிகக் கன்டெய்னர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் மென்பொருள் எழுதும் குழுக்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளும் கட்டளை ‘டாக்கர் ரன்’. நிரலை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவிதான் டாக்கர்; அந்தப் பெட்டியைத் தொடங்குவது ‘ரன்’. அடுத்ததாக மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுப்பது, “ரன்னுக்குப் பக்கத்துல --ஆர்எம் சேர்த்துக்கோ தம்பி, குப்பை சேராது” என்பது. நல்ல அறிவுரைதான். ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கன்டெய்னர் நின்றதும் எது போகும், எது தங்கும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. நான் பார்த்த தொல்லைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்கின.

வேலை முடிந்த கன்டெய்னர் தானாக மறைந்துவிடாது. அது எழுதிய கோப்புகள், அதன் லாக் (அது வெளியிட்ட செய்திகளின் பதிவு), எந்த எண்ணோடு வெளியேறியது என்ற விவரம் எல்லாம் டிஸ்கில் அப்படியே கிடக்கும். பிறகு வந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் டாக்கர் விட்டுவைக்கிறது. ‘டாக்கர் பிஎஸ் -ஏ’ கொடுத்தால் நின்றுபோனவை எல்லாம் வரிசையாக வரும். நாம் பெயர் வைக்காவிட்டால் ஒரு ஆங்கில அடைமொழியோடு ஏதாவது ஒரு அறிஞரின் பெயரை ஒட்டி டாக்கரே பெயர் வைத்துவிடும். ராமானுஜனும் கலாமும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. --ஆர்எம் என்பது இவை அத்தனையையும் கன்டெய்னர் நின்ற நொடியில் அழித்துவிடு என்ற உத்தரவு. ஆகவே ஓட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது முடிந்த பிறகு எனக்கு எது வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் அதிகம் அடிவாங்குவது வால்யூம்தான்; அதாவது, தரவு தங்குவதற்காகக் கன்டெய்னருக்கு வெளியே வைத்து உள்ளே மாட்டும் சேமிப்பிடம். வால்யூமில் இரண்டு வகை. நாம் பெயர் சூட்டியது ஒன்று. பெயர் இல்லாமல், 64 எழுத்து நீளத்தில் ஒரு குறியீட்டை மட்டும் சுமந்துகொண்டு பிறப்பது இன்னொன்று. --ஆர்எம் பெயர் உள்ளதைத் தொடாது, பெயர் இல்லாததைக் கன்டெய்னரோடு சேர்த்து அழித்துவிடும். சரி, நான்தான் பெயர் வைத்துவிட்டேனே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

எங்கள் குழுவுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள நிரலின் இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) --ஆர்எம் உடன் ஓட்டினார். ‘பிஜிடேட்டா’ என்று வால்யூமுக்கு ஒழுங்காகப் பெயரும் வைத்தார். சோதனைத் தரவுகளை ஏற்றிவிட்டு, மாலையில் கன்டெய்னரை நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை, “அண்ணே, நேத்து ஏத்துன டேபிள் ஒன்னுகூட இல்ல” என்று வந்து நின்றார். வால்யூம் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அவர் வால்யூமை மாட்டிய இடம் ‘/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’. ஆனால் 17 வரையிலான போஸ்ட்கிரெஸ் இமேஜ்கள் தரவை எழுதும் இடம் அதற்குள் இருக்கும் ‘டேட்டா’ கோப்புறை. அந்தக் கோப்புறைக்கு வால்யூம் வேண்டும் என்று இமேஜிலேயே எழுதியிருக்கிறது. யாரும் அங்கே எதையும் மாட்டவில்லை என்றதும் டாக்கர் பெயரில்லாத ஒன்றைத் தானே உருவாக்கி மாட்டிவிட்டது. தரவெல்லாம் அதற்குள் போனது. கன்டெய்னர் நின்றதும் அதோடு அழிந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, ஏனென்றால் டாக்கரைப் பொறுத்தவரை எதுவும் தவறாக நடக்கவில்லை.

இதற்கு மருந்து எளிது. கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ கொடுத்து ‘மவுன்ட்ஸ்’ பகுதியைப் படியுங்கள். நீங்கள் வைத்த பெயர் மட்டும் அங்கே இருந்தால் சரி. பக்கத்தில் நீளமான குறியீடு ஒன்று தெரிந்தால், உங்கள் தரவு எங்கே போகிறது என்று உடனே பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 18 முதல் அந்த இடம் மாறிவிட்டது. இப்போது வால்யூமை மேலே உள்ள கோப்புறையிலேயே மாட்ட வேண்டும். பழைய கட்டளையை அப்படியே நகலெடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது லாக். இரவில் ஓடும் ஒரு வேலை நடுவில் செத்துவிட்டது, 137 என்ற எண் மட்டும் கையில் இருக்கிறது. 137 என்றால் 128 உடன் 9; அதாவது கேட்டுக் கேள்வியில்லாமல் கொன்றுவிடும் சிக்னல். நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கர்னல் கொன்றதா, வேறு யாராவது கொன்றார்களா? கன்டெய்னர் இருந்திருந்தால் ‘இன்ஸ்பெக்ட்’ செய்து ‘ஓஓஎம்கில்ட்’ என்ற வரியைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். --ஆர்எம் அதையும் கூட்டிப் பெருக்கிவிட்டது, ‘டாக்கர் லாக்ஸ்’ கேட்டாலும் அப்படி ஒரு கன்டெய்னரே இல்லை என்கிறது. இன்னும் நிலைப்படாத, எப்போது விழும் என்று தெரியாத வேலைக்கு --ஆர்எம் போடாதீர்கள் என்றே சொல்வேன். பெயர் வைத்து ஓட்டுங்கள், விழுந்தால் ஆராயுங்கள், அப்புறம் ‘டாக்கர் ஆர்எம் -வி’ கொடுத்து நீக்குங்கள். அந்த ‘-வி’ முக்கியம். அது இல்லாமல் நீக்கினால் பெயரில்லாத வால்யூம்கள் டிஸ்கிலேயே தங்கிவிடும். கட்டாயம் --ஆர்எம் வேண்டும் என்றால் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது லாக்கை லினக்ஸின் பதிவுச் சேவையான ஜர்னல்டிக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது தவறு, --ஆர்எம் கன்டெய்னரை நிறுத்தும் என்று நம்புவது. அது நிறுத்தாது, நின்ற பிறகு நீக்கும், அவ்வளவுதான். நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பைப்லைனில் ஒரு வேலை நேரம் தாண்டிவிட்டது என்று, அதை ஓட்டும் ரன்னர் கொல்வது டாக்கர் கட்டளையைத்தான். கன்டெய்னரை வைத்திருப்பது பின்னணியில் எப்போதும் ஓடும் டாக்கர் நிரலான டீமன். கட்டளை செத்தது அதற்குத் தெரியாது, கன்டெய்னர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தைப்பூச விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், என்றோ ரத்தான சோதனைகள் இன்னும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்டெய்னர் பெயரில் பில்டு எண்ணைச் சேர்த்துவிட்டு, வேலை வென்றாலும் தோற்றாலும் கடைசியில் ‘டாக்கர் ஸ்டாப்’ ஓடும்படி ஒரு படி வைத்தால் இது தீரும். நின்றதும் --ஆர்எம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முதலில் மரியாதையாக ஒரு சிக்னல் அனுப்பி 10 விநாடி காத்திருக்கும், பிறகு கொன்றுவிடும். உங்கள் நிரல் ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கீழே ஓடினால் அந்த முதல் சிக்னல் பெரும்பாலும் அதற்குப் போய்ச் சேராது. சிக்னலை உள்ளே கடத்தும் --இனிட் சேர்த்துக்கொண்டு, கட்டளையை ஷெல் வழியாக இல்லாமல் நேரடியாக ஓட்டுங்கள். --ரீஸ்டார்ட்டையும் --ஆர்எம்மையும் சேர்த்துக் கொடுத்தால் டாக்கரே மறுத்துவிடும். --ஆர்எம்மை இமேஜ் பெயருக்குப் பின்னால் எழுதினால் அது உள்ளே இருக்கும் நிரலுக்குப் போய்விடும். பல கன்டெய்னர்களை ஒன்றாகக் கையாளும் கம்போஸில் ‘கம்போஸ் ரன்’ கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கன்டெய்னர் மிஞ்சும், அங்கேயும் --ஆர்எம் வேண்டும்.

இனி, மொத்தமாகக் கூட்டித் தள்ளும் ‘சிஸ்டம் புரூன்’. 2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பில் டாக்கர் இதைக் கொடுத்தது. உங்கள் சொந்த லேப்டாப்பில் தாராளமாகப் போடுங்கள். பலர் பகிரும் சர்வரில் இதை ‘-ஏ -எஃப் --வால்யூம்ஸ்’ உடன் தினமும் நள்ளிரவில் ஓடும்படி கிரானில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். சக ஊழியர் ஆராய்வதற்காக நிறுத்திவைத்த கன்டெய்னர் போய்விடும். அந்த நேரத்தில் ஓடாத இமேஜ்கள் எல்லாம் போய்விடும். காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் மறுபடி இழுப்பார்கள், அதாவது பதிவிறக்குவார்கள். இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப் 2020 நவம்பரிலிருந்து இழுப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது. உள்நுழையாமல் இழுப்பவர்களை ஐபி முகவரியை வைத்துத்தான் எண்ணுகிறது. அலுவலகம் முழுக்க ஒரே முகவரியில் வெளியே போனால், ஒருவர் வாங்கும் தடை எல்லாருக்கும் விழும்.

24 மணி நேரத்துக்கு முந்தையதை மட்டும் நீக்கு என்று ‘அன்டில்’ வடிகட்டி போட்டுக்கொள்ளலாமே என்றால், அந்தக் கணக்கு கன்டெய்னர் உருவான நேரத்திலிருந்து தொடங்குகிறது, நின்ற நேரத்திலிருந்து அல்ல. மூன்று நாள் ஓடி, இப்போதுதான் விழுந்த கன்டெய்னரும் அதில் அடிபடும். லேபிள் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தற்காலிகமாக ஓட்டும் ஒவ்வொன்றுக்கும் ‘தற்காலிகம்’ என்று பொருள்படும் ஒரு லேபிள் கொடுங்கள், கிரானில் அந்த லேபிள் உள்ளதை மட்டும் நீக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் நிறைகிறது என்றதும் டிஸ்கைப் பெரிதாக்குவது இன்னொரு தவறு. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் கிளவுட் வட்டாரத்தைத் திறந்திருக்கிறது, இங்குள்ள குழுக்கள் தொலைவில் இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஈபிஎஸ் என்ற கிளவுட் டிஸ்குக்கு நீங்கள் ஒதுக்கிய அளவுக்குத்தான் கட்டணம், பயன்படுத்திய அளவுக்கு அல்ல. பெரிதாக்கிய டிஸ்கைத் திரும்பச் சிறிதாக்கவும் முடியாது. குப்பைக்காக ஏற்றிய ரிங்கிட் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முன் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப் -வி’ ஓட்டி இமேஜ், கன்டெய்னர், வால்யூம், பில்டு கேஷ் (இமேஜ் கட்டும்போது சேரும் இடைக்கோப்புகள்) ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள்.

அந்தப் பட்டியலில் தெரியாத ஒன்று உண்டு: கன்டெய்னர் லாக். டாக்கரின் இயல்பான லாக் முறையில் கோப்புக்கு அளவு வரம்பே கிடையாது. நாள்கணக்கில் ஓடும் கன்டெய்னர் ஒன்று வாயாடினால், அதன் லாக் மட்டுமே டிஸ்கை நிரப்பிவிடும். டீமன் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்-சைஸ்’, ‘மேக்ஸ்-ஃபைல்’ இரண்டையும் எழுதிவிட்டு டீமனை மறுபடி தொடங்குங்கள். இது அதற்குப் பிறகு உருவாகும் கன்டெய்னர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே இருப்பவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்.