எடை குறைந்த பேஸ் கேபினெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாருக்கு முதல் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்குபவர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்து வருவதைப் பார்க்கிறேன். தூக்கிப் பார்க்காமல் வாங்குவது போன்ற வெளிப்படையான சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாட் எண்ணை நம்புவது

அதிகப் பணத்தை விழுங்குவதும், இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். கேபினெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 800 வாட் என்பது அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வதில்லை. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (அதை அதிரவைக்கும் கம்பிச்சுருள்) கருகாமல் எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும் டெசிபல் அளவே உணர்திறன் எனப்படுகிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான். அதில் 3 டெசிபல் குறைந்தால் ஈடுகட்ட இரு மடங்கு வாட் வேண்டும், 6 குறைந்தால் நான்கு மடங்கு வேண்டும். எனவே 94 டெசிபல் கேபினெட் 800 வாட்டில் எட்டும் சத்தத்தை 100 டெசிபல் கேபினெட் 200 வாட்டிலேயே எட்டிவிடும்.

சிறிய பெட்டி, ஆழமான தாழ்சுரம், உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றும் ஒரே கேபினெட்டில் அமைவதில்லை. எடையும் அளவும் குறைந்த பெட்டியைத் தேடுபவர் மற்ற இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். விளம்பரம் அதைச் சொல்லாது.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், எவ்வளவு சொல்லியும் கேளாமல், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் கொண்ட மிகச் சிறிய கேபினெட்டை அதன் வாட் எண்ணுக்காகவே வாங்கினார். ஒத்திகையில் டிரம்ஸ் தொடங்கியதும் பேஸ் காணாமல் போயிற்று. அவர் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) பேஸ் திருகியை முழுவதும் ஏற்றினார். ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னும் பின்னும் நகர்வதற்கு ஓர் எல்லை உண்டு, தாழ்சுரங்களில் வாட் வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே அந்த எல்லை வந்துவிடும். ஐந்து தந்தி பேஸின் பி தந்தி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியில், அந்தப் போர்ட் ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோனை அடக்கிப் பிடிக்கும் காற்றழுத்தம் இல்லாமற்போகிறது. அப்போது எழுந்த கரகரப்பை அவர் ஓவர்டிரைவ் (வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு) என்று எண்ணி மகிழ்ந்தார். வாய்ஸ் காயில் உரசத் தொடங்கிய பிறகு ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதாயிற்று.

தாழ் எல்லை 35 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டு, அது எத்தனை டெசிபல் சரிந்த நிலையில் அளந்தது என்பதைச் சொல்லாத விவரத்தாளை நம்ப வேண்டாம். 3 டெசிபல் சரிவுக்கும் 10 டெசிபல் சரிவுக்கும் இடையே கேட்கும் வேறுபாடு பெரிது.

நியோடிமியம் என்றால் எடை குறைவு என்று முடிவு கட்டுவது

காந்தத்தின் எடைதான் குறைகிறது. பெட்டி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த கனமான) பலகையாலானது என்றால் அந்த மிச்சம் கரைந்துவிடும். பிளைவுட் பெட்டியில் ஃபெரைட் (வழக்கமான, கனமான) காந்த ஸ்பீக்கர் ஒன்று மட்டும் இருந்தால், பல நேரங்களில் விலையும் குறையும், தோளும் தாங்கும். மொத்த எடையைக் கேளுங்கள்.

15 அங்குல ஸ்பீக்கர் என்றால் ஆழம், 10 அங்குலம் என்றால் தெளிவு என்று நம்புவது

அப்படி இல்லை.

ஓம் கணக்கைத் தள்ளிப்போடுவது

ஆம்ப் ஏற்கும் கேபினெட் மின்தடையின் குறைந்தபட்ச வரம்பு 4 ஓம் என்றால், முதலில் 8 ஓம் கேபினெட்டை வாங்குங்கள். பின்னர் அதே போன்ற இன்னொன்றை இணையாகச் சேர்த்து 4 ஓம் ஆக்கலாம். தூக்கிச் செல்ல இலகுவான இரண்டு பெட்டிகள், சிறிய இடத்தில் வாசிக்க ஒன்று போதும். தொடக்கத்திலேயே 4 ஓம் பெட்டியை வாங்கியவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

கடையின் மூலையில் தனியாக வாசித்துத் தேர்வது

தரையும் இரு சுவர்களும் தாழ்சுரத்தை ஊதிக் காட்டும். பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, டிரம்ஸுடன், பத்தடி தள்ளி நின்று கேளுங்கள்.