தமிழ்க் கூட்டத்தில் எடித் பியாஃபைப் பற்றிப் பேசுவது எப்படி?

சமூக மன்றத்திலோ நூலகத்திலோ கால் மணி நேர உரைக்கு ஒப்புக்கொண்டால், பிரெஞ்சுப் பாடகி பியாஃப் 1915-இல் பாரிஸில் பிறந்தார் என்று தொடங்காதீர்கள், பாட்டிலிருந்து தொடங்குங்கள். 1960-இல் அவர் பாடிப் பதிவுசெய்த ‘நோன், ஜெ ந ரெக்ரெத் ரியன்’ இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் முழுவதுமாக ஒலிக்கவிடலாம். ‘இல்லை, எதற்காகவும் நான் வருந்தவில்லை’ என்று தலைப்பின் பொருளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் உருட்டும் ரகரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்: நம்முடையது நாக்கு நுனியில் பிறக்கிறது, அவருடையது தொண்டையில் உருள்கிறது. பாட்டைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. நான் பேசிய அன்று பாட்டுக்கு முன் ஷாம்பு விளம்பரம் ஓடியது.

அடுத்து, அந்தப் பாட்டின் சூழலைச் சொல்லுங்கள். இசையமைப்பாளர் சார்ல் துய்மோனைச் சந்திக்கவே முதலில் விருப்பமில்லாதிருந்த பியாஃப், உடல் நலிந்திருந்த நிலையிலும் அவருடைய பாட்டை ஏற்று, கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பாரிஸின் ஒலிம்பியா இசையரங்கில் பாடி அவ்வரங்கைக் காப்பாற்றினார். அங்கிருந்து பின்னோக்கிச் சென்றால், 1935-இல் தெருவில் பாடிக்கொண்டிருந்த, ஐந்தடிக்கும் குறைவான உயரமுடைய அப்பெண்ணை லூயி லெப்லே தம் இரவு விடுதியில் மேடையேற்றி, பாரிஸ் பேச்சுவழக்கில் குருவியைக் குறிக்கும் ‘பியாஃப்’ என்ற பெயரைச் சூட்டிய கதை தானாக வந்து சேரும்.

பலர் சறுக்கும் இடம் கட்டுக்கதைதான். பெல்வில் தெரு 72-ஆம் எண் வீட்டுப் படிக்கட்டில் அவர் பிறந்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்ல, பிறப்புச் சான்றிதழோ தெனோன் மருத்துவமனை என்கிறது. இரண்டையும் சொல்லுங்கள், அவையினர் நிமிர்ந்து உட்காருவார்கள். அதேபோல, அவருடைய காதலரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் 1949 அக்டோபரில் விமான விபத்தில் இறந்த பிறகுதான் ‘இம்ன் ஆ லமூர்’ (‘காதலுக்கு ஒரு துதிப்பாடல்’) எழுதப்பட்டது என்பார்கள்; அவர் உயிருடன் இருந்தபோதே, அவ்வாண்டு செப்டம்பரில், பியாஃப் அதை நியூயார்க்கில் பாடிவிட்டார். 1950-இல் வந்தது ஒலிப்பதிவு மட்டுமே.

காதலர் பட்டியலை விட்டுவிடலாம்; பாடகர்கள் ஈவ் மோந்தானையும் சார்ல் அஸ்னவூரையும் அவர் வளர்த்துவிட்டதை ஒரு வரியில் சொன்னால் போதும். கூட்டம் முடிந்து, அடுத்து எதைக் கேட்பது என்று யாராவது வந்து நின்றால், 1959-ஆம் ஆண்டின் ‘மிலோர்’ பாட்டைக் கைகாட்டுங்கள். மொழி தெரியாதவரும் அதற்குத் தாளம் போட்டுவிடுவார்.