டி.எம்.ஏ.ஓ. டெஸ்ட்: ரத்தம் கொடுக்கும் முன்

முட்டை மஞ்சள் கருவிலுள்ள கோலின், ஆட்டுக்கறியிலுள்ள கார்னிடின் ஆகிய சத்துகளைக் குடல் பாக்டீரியா டி.எம்.ஏ. (ட்ரைமெத்தில்அமைன்) என்ற பொருளாக்கும், கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. (ட்ரைமெத்தில்அமைன் என்-ஆக்சைடு) ஆக்கும். ரத்தத்தில் இதன் அளவைப் பார்ப்பதுதான் இந்த டெஸ்ட். டி.எம்.ஏ.ஓ. ரத்தத்தில் கூடியவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல் என்று 2011 முதல் பல ஆய்வுகள் காட்டுகின்றன. காரணமா, வெறும் அடையாளமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ரிசல்ட்டை அதிகம் கெடுப்பது மீன்தான். கடல்மீனின் சதையிலேயே டி.எம்.ஏ.ஓ. இருக்கிறது. ஞாயிறு இரவு சங்கரா மீன் குழம்பு, திங்கள் காலை ரத்தம் என்றால் எண் எகிறும். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேட்டூர் அணைக் கெண்டை போன்ற நன்னீர் மீனில் டி.எம்.ஏ.ஓ. மிகக் குறைவு. சேலத்து மார்க்கெட்டில் எந்த மீன் வாங்கினோம் என்று யோசிப்பதைவிட, 2 நாள் மீன், இறால், கணவாய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே சுலபம். மற்றபடி வழக்கமான சாப்பாடுதான். டெஸ்ட்டுக்காக ஒரு வாரம் சைவமானால் வருவது உங்கள் எண் அல்ல.

இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். ஆன்டிபயாடிக் முடித்து ஒரு மாதமாவது போகட்டும். பாக்டீரியா அடங்கியிருந்தால் எண் பொய்யாகக் குறையும். ஜிம் பவுடரில் கார்னிடின் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்: சிறுநீரகம் மந்தமானால் டி.எம்.ஏ.ஓ. வெளியேறாமல் தேங்கும். எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு), பி.பி., சுகர் பார்க்காதவர் இதற்கு முதலில் செலவழிப்பது வீண்.